தொட்டி விழவேண்டிய பக்கம்

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கன்வாடி முற்றத்தில் ஈரத் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மல்லிகா டீச்சரின் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினால் தரையில் ஒரு சிமெண்டுப் பாளம் கிடக்கிறது. தோசைக்கல் அகலம் இருக்கும். அதன் ஓரத்தில் துருவேறிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சற்று முன்புதான் முட்டை சாப்பிட உள்ளே போயிருந்தார்கள்.

நான் அப்போது கடைத்தெருவில், என் தையல் கடையில், ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தால் டீச்சர் குரல். “கவுன்சிலரம்மா, ஓடியாங்க.”

கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சிறுமி என் கையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலையாம், கலைந்துவிடுமாம்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். எங்கள் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அடிவயிறு முழுக்கப் பொரிந்து, பல இடங்களில் கம்பி தெரிந்தது. நித்தமும் அதைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போய் வந்தேன்.

ஒரு வாசகியின் கேள்வி

பதவியேற்ற நாளைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “பேரூராட்சி கவுன்சிலருக்கு என்னதாங்க வேலை?”

குழாய், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை. இவை ஒழுங்காக நடந்தால் கவுன்சிலர் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. நடக்காவிட்டால் விடியும் முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். நாமாகக் குழாய் போட முடியாது, விளக்கு மாட்ட முடியாது. மாதம் ஒருமுறை கூடும் மன்றத்தில் அதைப் பேசி, மற்ற வார்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்து, தீர்மானமாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அது நடக்கிறதா என்று பின்னாலேயே அலைய வேண்டும்.

எங்கள் ஊர், இலுப்பூர் போகிற பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடக்கூடிய ஊர். பெயரை எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயேதான் இருக்கிறார்கள், நானும் அவர்களுக்குத்தான் இன்னும் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஆள்களின் பெயர்களையும் அதனால்தான் மாற்றியிருக்கிறேன்.

நாலாவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது என்னை நிற்கச் சொன்னவர்கள் மனசில் ஒரு கணக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். இவள் பேருக்கு உட்காருவாள், அவர் போனில் சொல்கிறபடி நடப்பாள் என்று நினைத்தார்கள். அவரிடம் கேட்டேன்.

“நில்லு. ஆனா எனக்குப் போனைப் போட்டு என்ன செய்யட்டும்னு கேக்காத. நம்ம தெருச் சாக்கடை எங்கிட்டுப் போயிச் சேருதுன்னே எனக்குத் தெரியாது” என்றார். சுயேச்சையாக நின்று ஜெயித்தேன். அவர் சொன்னபடியே, கடைசி வரை ஒரு யோசனையும் சொல்லவில்லை. சில நாள் அதற்காகவே அவர் மேல் கோபம் வந்திருக்கிறது.

யாருடைய தொட்டி?

தொட்டி நின்ற இடம் என் வார்டு. அதிலிருந்து தண்ணீர் போனதோ ஐந்தாவது வார்டு வடக்குத் தெருவுக்கு. கீழே இருந்த அங்கன்வாடிக் கட்டடம் பேரூராட்சியுடையது. அதில் இருந்த பிள்ளைகள் வேறொரு துறையின் பொறுப்பு. ஒரே இடத்தில் இத்தனை பேருக்கு உரிமை இருந்ததால், அதை நிமிர்ந்து பார்க்கிற பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிருந்தது.

அன்று மாலையே செயல் அலுவலரைக் கூட்டிவந்து காட்டினேன். ஈ.ஓ. என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். மறுநாள் பொறியாளர் வந்தார். தூணைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உதிர்ந்தது. இரண்டாவது முறை தட்டவில்லை.

“தண்ணிய எறக்கிட்டு இடிச்சிரணும்மா. ரிப்பேருக்கெல்லாம் தாங்காது.”

“எந்தப் பக்கம் சாய்ப்பீங்க?”

அவர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மூன்று பக்கமும் வீடுகள், ஓட்டு வீடுகளும் தளம் போட்ட வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு. மிச்சமிருந்தது அங்கன்வாடி முற்றம் ஒன்றுதான்.

“இங்கிட்டுத்தான்” என்றார். “கட்டடம் போயிரும். பிள்ளைகள மொதல்ல வேற எங்கயாச்சும் மாத்துங்க.”

முதல் கூட்டம்

மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பொருள் நிரல் வீட்டுக்கு வந்துவிடும். என்னென்ன பேசப் போகிறோம் என்பதை ஒன்று, இரண்டு என்று போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுகிறது’ என்று முடியும். அந்த மாதம் எங்கள் தொட்டி கடைசிப் பொருள். அதற்குள் டீயும் மிக்சரும் வந்து போய்விடும், பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். விழுந்த பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன், மேஜைமேல் வைத்தேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

பின்னாலிருந்து பழனிவேல் அண்ணன் எழுந்தார். அவர் கவுன்சிலர் இல்லை. ஐந்தாவது வார்டு கவுன்சிலர் அவருடைய மனைவி இந்திராணி மதினி. ஆனால் பதவியேற்ற நாளிலிருந்தே மதினிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணன்தான் பேசுவார். மதினி முந்தானையைத் தோளில் போர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

“எங்க வார்டு இதுக்குச் சம்மதிக்காது தலைவரே. வெயில் காலம் வருது. டேங்க இடிச்சிட்டா வடக்குத் தெரு சனம் தண்ணிக்கு எங்கிட்டுப் போகும்? புதுசு கட்டுவோம்பீங்க. எப்ப? அதையும் வேற வார்டுக்குக் கொண்டுபோயிருவீங்க. இத்தன வருசம் நின்ன டேங்க் இன்னும் ஒரு கோட நிக்காதா?”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. மற்றவர்கள் பொருள் நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று அடுத்த வார்டின் தண்ணீரில் கைவைக்க விட்டால் நாளை தன் வார்டிலும் கைவைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும்.

தலைவர் ரைஸ்மில் வைத்திருப்பவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். “ரெண்டு வார்டும் பேசிக்கிட்டு வாங்கம்மா. அடுத்த கூட்டத்துல பாப்போம்” என்றார். ஈ.ஓ. ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதினார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. “அடுத்த கூட்டம் வரைக்கும் பிள்ளைக அதுக்கு அடியிலயே ஒக்காரணுமா? அப்ப நாளைக்கே எல்லாத்தையும் கூட்டியாந்து இந்த ஹால்லயே ஒக்கார வைக்கிறேன்.”

மிரட்டலாகத்தான் சொன்னேன். தலைவர் ஹாலைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளைப் பார்த்தார்.

“கொண்டாங்களேன்” என்றார். “மாசத்துல ஒருநாள் தவிர இது சும்மாதான கெடக்கு?”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஈ.ஓ. சார், இத எழுதிக்கங்க.”

அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மன்றத்தில் மதியத் தூக்கம்

மல்லிகா டீச்சர் தன் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க இரண்டு நாள் அலைந்தார். கிடைத்ததும் பானை, கரண்டி, எடை பார்க்கும் மெஷின், பாய், எழுத்து அட்டைகள் எல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் ஏறின. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டே பேரூராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

அன்று மதியம் அங்கன்வாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோது, பல நாளுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. தொட்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே யாருமில்லை.

மன்றக் கூடம் அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனது. பருப்பு வாசம், பவுடர் வாசம், நனைந்த பாயின் வாசம். வரி கட்ட வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார்கள், மதியத்தில் பிள்ளைகள் தூங்குமே! தலைவர் நாற்காலியின் கீழேதான் நல்ல காற்று என்று ஒரு பையன் தினமும் அங்கேதான் படுப்பான். ஈ.ஓ.வின் மேஜையில் ஒரு கிலுகிலுப்பை கிடந்ததை நானே பார்த்தேன்.

மதினி கடைக்கு வந்தார்

ஒரு பிற்பகல், வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தபோது, இந்திராணி மதினி ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தார். அளவு எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

“மதினி, பிள்ளைகள இப்ப ஆபீசுல பாத்தீங்களா?”

“பாத்தேன். எங்க தெருப் பிள்ளைகளும் அதுல இருக்குல்ல. எனக்கு மட்டும் பதறாதா வசந்தா?” கையைத் தூக்கியபடியே சொன்னார். “ஆனா ஒனக்குத் தெரியாது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்த டேங்க் கெடையாது. ஊருணிக்குப் போயி, ஊத்துத் தோண்டி, செரட்டையில மொண்டு ஊத்தணும். மொதப் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டும் போனேன். டேங்க் வந்த வருசந்தான் எங்க இடுப்பவிட்டுக் கொடம் எறங்குச்சு. இப்ப அத இடிக்கக் கை தூக்குன்னா, எங்க தெருப் பொம்பளைக என்னைய சும்மா விடுவாளுகளா?”

நான் டேப்பைச் சுருட்டினேன். பிள்ளைகளைப் பற்றி யோசித்த அளவுக்கு இந்தக் குடத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

“என்ன செஞ்சா ஒங்க தெரு ஒத்துக்கும் மதினி?”

அவர் யோசிக்கவே இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தது போல வந்தது பதில். “பஸ் ஸ்டாண்டு டேங்க்லருந்து எங்க தெருவுக்குக் கொழா போடட்டும். அதுல தண்ணி வரட்டும். நாங்க புடிச்சுப் பாக்குறோம். அதுக்குப் பெறகு இடிங்க. இடிச்சுட்டுத் தர்றேங்காதீங்க. குடுத்துட்டு இடிங்க.”

“இத ஏன் மதினி கூட்டத்துல சொல்லல?”

“நான் என்னைக்குப் பேசிருக்கேன்?”

“இந்த வாட்டி பேசுங்க.”

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “கை முழங்கை வரைக்கும் வையி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் கூட்டம்

கூட்ட நாளில் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் அவர்கள் கிறுக்கிய மாம்பழங்களும் யானைகளும் அப்படியே இருந்தன. தலைவர் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இந்த முறை தொட்டி முதல் பொருள். ஈ.ஓ. படித்து முடித்ததும் பழனிவேல் அண்ணன் எழுந்து தொண்டையைக் கனைத்தார். “எங்க வார்டு சார்பா...”

“என்னங்க, நீங்க செத்த ஒக்காருங்க.”

இந்திராணி மதினி எழுந்துவிட்டார். அண்ணன் நின்றபடியே இருந்தார். மதினி திரும்பிப் பார்த்து, கோபமில்லாமல், “நான் பேசிக்கிறேன்” என்றார். அண்ணன் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, திகைப்புத்தான்.

மதினி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் அது கீச்சென்று அலறியது. வராந்தாவில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலிலேயே பேசினார். நடுங்கத்தான் செய்தது.

“டேங்க இடிக்க வேணாம்னு எங்க தெரு சொல்லல. தண்ணிய நிப்பாட்டாதீங்கன்னுதான் சொல்லுது. மொதல்ல கொழா. அதுல தண்ணி வந்து எங்க தெருக் கடைசி வீடு வரைக்கும் புடிக்கணும். அதுக்கப்புறம் இடிக்கலாம். ரெண்டையும் ஒரே தீர்மானமா எழுதுங்க. தனித்தனியா எழுதுனா நான் கை தூக்க மாட்டேன்.”

ஈ.ஓ. மெல்லச் சொன்னார்: குழாய் போடலாம், ஆனால் இருக்கிற நிதிக்குள் இந்த வருஷம் ஏதாவது ஒரு வார்டின் வேலை தள்ளிப்போகும். உடனே ஆளாளுக்குக் குரல் எழுந்தது. எங்க ரோடா? எங்க சாக்கடையா? தலைவர் இரண்டு கைகளையும் தூக்கி அமர்த்தப் பார்த்தார், முடியவில்லை.

என் வார்டில் கீழத் தெருவுக்குச் சிமெண்டு ரோடு போட அப்போதுதான் ஒப்புதல் ஆகியிருந்தது. அதைப் போட்டுத் தருவதாகச் சொல்லித்தான் ஓட்டே வாங்கியிருந்தேன். எழுந்தேன்.

“எங்க ரோடு தள்ளிப் போகட்டும் சார். எழுதிக்கங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்ததும்தான் கீழத் தெரு ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. அவர்கள் திட்டத்தான் செய்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க, சேற்றில் வண்டி வழுக்கும்போதெல்லாம் என் பெயரைச் சொன்னார்கள். ஆனால் அன்று கையைத் தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. மதினியின் கை கொஞ்சம் தாமதமாக. முதலில் அவர் ஈ.ஓ. எழுதியதை எட்டிப் படித்துப் பார்த்தார்.

அந்தக் காலை

குழாய் போட்டார்கள். தெரு முனையிலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு பொதுக்குழாய். கடைசி வீட்டுக்கு முதலில் நூலாகத்தான் வந்தது. மதினி விடவில்லை. வால்வு திறக்கிறவரைக் கையோடு கூட்டிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்தார். குடம் நிறைகிற மாதிரி வந்த பிறகுதான் தலைவருக்குப் போன் செய்தார், “இனி எறக்கிக்கங்க” என்று.

தொட்டியை இடிக்கத் திருச்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தி, சுற்றியுள்ள வீடுகளைக் காலிசெய்து எல்லோரையும் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிறுத்தினோம். நானும் மதினியும் வீடு வீடாகப் புகுந்து பார்த்தோம். ஒரு வீட்டில் கட்டிலுக்கடியில் குட்டி போட்ட பூனை இருந்தது. குட்டிகளை மதினி முந்தானையில் அள்ளிக்கொண்டார், தாய்ப்பூனை கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

அங்கன்வாடிப் பக்கத்துத் தூண்களை அறுத்தார்கள். தொட்டிக்கு இரும்புக் கயிறு கட்டி, தூரத்தில் நின்ற பொக்லைன் இழுத்தது. முதல் இழுப்பில் கயிறு விறைத்தது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் தொட்டி லேசாகத் திரும்பியது, வடக்குத் தெருவைப் பார்த்து. கூட்டத்தில் ஒரு பெண் ‘ஆத்தா!’ என்று அலறினாள். என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். திரும்பினால் பழனிவேல் அண்ணன். அவர் வீடு தொட்டிக்கு நேர் எதிரே.

வண்டிக்காரர் சற்றுப் பின்வாங்கி, இடம் மாற்றி நின்று, மறுபடி இழுத்தார். தூண்கள் மடங்கின. அத்தனை பெரிய உருவம் அவசரமே இல்லாமல் சாய்ந்து, காலியாகக் கிடந்த அங்கன்வாடி மேல் உட்கார்ந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. பிறகு புழுதி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

புழுதி அடங்கியதும் எல்லோரும் ஓடிப்போய்த் தங்கள் தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். ஓர் ஓடுகூட நொறுங்கவில்லை. வண்டிக்காரர் இறங்கிவந்து தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் அவருக்கு ஒரு சோடாவைத் தானே உடைத்துக் கொடுத்தார்.

மதினி மட்டும் வீட்டுப் பக்கம் போகவில்லை. முந்தானையில் இருந்த பூனைக்குட்டிகளை அண்ணன் கையில் திணித்தார். “வசந்தா, கொழா” என்றார். “தரை அப்படி அதிருச்சே. கொழா ஒடஞ்சிருந்தா?”

அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. இருவரும் தெருக் கடைசி வரை ஓடினோம். வால்வு திறக்கச் சொல்லிப் போன் போட்டேன். மதினி குழாயைத் திருகிவிட்டுக் குனிந்து நின்றார்.

முதலில் வெறும் காற்றுத்தான் உஸ்ஸென்று வந்தது. வெகு நேரம் அதுதான் வந்தது. பிறகு ஒரு செருமல், கொஞ்சம் செம்மண் கலங்கல். மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தண்ணீர் வந்தது. தடிமனாக, நிற்காமல்.

“வருது வசந்தா!” என்று தெருவே கேட்கக் கத்தினார். கூட்டத்தில் நடுங்கிய குரல் இல்லை இது. இரண்டு கையாலும் அள்ளி, புழுதி அப்பியிருந்த தன் முகத்தைக் கழுவினார். அடுத்து அள்ளி என் முகத்தில் அடித்தார்.

அந்தத் தண்ணீரில் புதுக்குழாய் வாசம் அடித்தது. நான் குனிந்து, வயிறு நிறையக் குடித்தேன்.